இன்னொரு தரம், மெதுவாச் செஞ்சு காட்டுங்க

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தையல்காரியாத் தெரியும். மீதிப் பேருக்கு மேஜிக் அக்காவாத் தெரியும். இந்த ரெண்டாவது பேரு வந்து மூணு வருஷம்தான் ஆகுது. தலைவர் அக்கா என்னைக் கூப்பிட்டு, "மலர்ல எல்லாரும் கடன், சேமிப்பு, கறவை மாடுன்னுதான் எழுதுறாங்க. நீ மேஜிக்கைப் பத்திப் பேசு. முதல் தடவை செஞ்சப்போ என்ன கத்துக்கிட்டேன்னு சொல்லு, போதும்"னு சொன்னாங்க. அதனால இன்னைக்கு வித்தை எதுவும் காட்டப் போறதில்லை. பேசிட்டு மட்டும் போறேன்.

முதல்ல, ஒரு தையல்காரி எதுக்கு மேஜிக் கத்துக்கணும்? அந்தக் காரணத்தைச் சொல்லிடறேன்.

எங்க ஊருக்குப் பக்கத்துக் குக்கிராமத்துக்கு வெளியூர்ல இருந்து ஒரு ஆள் வந்தாரு. காவி வேட்டி, கையில ஒரு செம்பு. வீட்டு தோஷம் கழிக்கிறேன்னு சொன்னாரு. முதல் நாள் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கலை. ஒரு அம்மாகிட்ட 10 ரூபா வாங்கி, செம்புக்குள்ள போட்டு, மந்திரம் சொல்லி, 20 ரூபாயா எடுத்துக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. ரெண்டாம் நாள் வந்தப்போ அவரு கேக்கவே இல்லை, இவங்களே தோட்டையும் மூக்குத்தியையும் கழட்டிக் கொடுத்தாங்க. ஒரு மண்பானையில போட்டு, சிவப்புத் துணியால வாயைக் கட்டி, "41 நாள் கழிச்சுப் பிரிங்க. நடுவுல பிரிச்சா பலிக்காது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. 41-ஆம் நாள் பிரிச்சுப் பார்த்தா உள்ள கொஞ்சம் நெல்லும் கூழாங்கல்லும் இருந்துச்சு. அதுல ஒரு தோடு, மகள் கல்யாணத்துக்குன்னு குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்து வாங்கினது.

பதினோரு பேர் ஏமாந்தாங்க. ஒருத்தரும் போலீஸுக்குப் போகலை. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அடி விழும், ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டாங்க. எங்க குழுக் கூட்டத்துல ஒரு அக்கா அழுதுக்கிட்டே சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு மறக்கவே இல்லை. "நாங்க என்ன காதுல கேட்டா நம்பினோம்? கண்ணால பார்த்தோமே தங்கச்சி!"

கண்ணால பார்த்தது எப்படிப் பொய்யாகும்? இந்தக் கேள்விதான் என்னை மேஜிக் கத்துக்க வெச்சது.

அந்தச் சமயத்துல அறிவியல் இயக்கத்துக்காரங்க, நம்ம சமுதாயப் பயிற்றுநர்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி கொடுத்தாங்க. 'மந்திரமா தந்திரமா'ன்னு அவங்க ஊர் ஊரா நடத்துற நிகழ்ச்சி நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கதான் டாக்டர் ஆபிரகாம் கோவூரைப் பத்திக் கேள்விப்பட்டேன். கேரளத்துல பிறந்து, இலங்கையில பள்ளிக்கூடத்துலயும் கல்லூரியிலயும் பாடம் நடத்தினவர். 1963-ல ஒரு சவால் விட்டாரு: ஏமாத்த வழியில்லாத மாதிரி நான் ஏற்பாடு பண்றேன், அதுக்குள்ள நின்னு ஒரே ஒரு அற்புதத்தைச் செஞ்சு காட்டுறவருக்கு ஒரு லட்சம் ரூபா தர்றேன்னாரு. 1978-ல அவர் காலமாகுற வரைக்கும் அந்தப் பணத்தை யாரும் ஜெயிக்கலை. அவருக்குப் பிறகு நம்ம கோயம்புத்தூர் போத்தனூர்ல இருந்த பி. பிரேமானந்த் அதே வேலையை எடுத்துக்கிட்டு, 2009-ல இறக்குற வரைக்கும் ஊர் ஊராப் போய், 'அற்புதம்'னு சொல்லப்படறதை எல்லாம் தானே செஞ்சு காட்டி, எப்படிச் செஞ்சேன்னும் சொல்லிக் கொடுத்தாரு.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். நான் சாமி கும்பிடுறவ. செவ்வாய், வெள்ளி விளக்கு ஏத்தாம இருக்க மாட்டேன். சாமி வேற, சாமி பேரைச் சொல்லித் தோடு கழட்டுற ஆசாமி வேற. நான் பேசுறது அந்த ஆசாமியைப் பத்தி மட்டும்தான்.

பயிற்சி முடிஞ்சு வந்து வீட்ல சொன்னதும் மாமியார், "பொம்பளை செய்யற வேலையா இது?"ன்னாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. நாம பார்த்த மேஜிக்ல எல்லாம் கோட்டு போட்ட ஆம்பளைதான் வித்தை காட்டுவாரு. பொம்பளை பெட்டிக்குள்ள படுத்திருப்பா, அவளை ரம்பத்தால அறுப்பாங்க. அந்த வித்தையை 1921-ல லண்டன்ல பி. டி. செல்பிட்ங்கறவர் முதல்ல மேடையில காட்டினாராம். நம்ம நாட்டு பி. சி. சர்க்கார் 1956-ல பிபிசி டிவியில அதே மாதிரி ஒரு பொண்ணை அறுத்துக் காட்டினப்போ, பொண்ணு எழுந்திரிக்கிறதுக்குள்ள நிகழ்ச்சி நேரம் முடிஞ்சு போச்சு. பார்த்துக்கிட்டிருந்த ஜனங்க, பொண்ணு செத்தே போச்சுன்னு பயந்து பிபிசிக்குப் போன் மேல போன் போட்டாங்களாம். அந்த மாதிரிப் பெட்டி வித்தையில கஷ்டமான வேலையைச் செய்யறது யாருன்னு நினைக்கிறீங்க? உள்ளே உடம்பைச் சுருக்கி மடக்கிக்கிட்டு, மூச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற அந்தப் பொண்ணுதான். கைத்தட்டு மட்டும் ரம்பம் பிடிச்சவருக்கு. இதை மாமியார்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்போ நீ வெளியவே நின்னு செய்"ன்னாங்க.

ஒரு மாசம் பழகினேன். மூணே மூணு வித்தை. கடையில காசு கொடுத்து எதையும் வாங்கலை.

ஒண்ணு, எலுமிச்சம்பழத்துல ரத்தம் வர்றது. செம்பருத்திப் பூ இதழைக் கத்தியோட ரெண்டு பக்கமும் நல்லாத் தேய்ச்சுக் காய விடணும். அப்படி நாலஞ்சு தரம். பழைய இரும்புக் கத்தியில அந்தக் கறை கண்ணுக்குத் தெரியாது. பழத்தை அறுக்கும்போது எலுமிச்சைப் புளிப்பு அதுல பட்டு, சாறு சிவப்பா வடியும். பார்க்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, நாம ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தா சிவக்குது. அதைப் பார்த்து நாம என்னைக்காவது பயந்திருக்கோமா? நம்ம அடுப்படியில நடந்தா சமையல், வேற ஒருத்தர் கையில நடந்தா அற்புதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டு, தீக்குச்சி. கர்ச்சீப்புக்குள்ள ஒரு தீக்குச்சியை வெச்சு மடிச்சு, கூட்டத்துல ஒருத்தர் கையாலயே உடைக்கச் சொல்லணும். 'படக்'குன்னு சத்தம் கேக்கும். பிரிச்சு உதறினா குச்சி முழுசா விழும். ரகசியம் என்னன்னா, கர்ச்சீப் ஓரத்து மடிப்புத் தையலுக்குள்ள முன்னாடியே இன்னொரு குச்சி இருக்கு. உடையறது அந்தக் குச்சி. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஓரம் அடிக்கிறது நான் தினமும் செய்யற தொழில்!

மூணு, பணம் பெருகுறது. ரெண்டு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை முதுகோட முதுகு ஒட்டினா, பார்க்க ஒரே கவர் மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் 10 ரூபா போட்டு, பேசிக்கிட்டே திருப்பி, அந்தப் பக்கத்துல இருந்து 100 ரூபா எடுக்கணும். அந்தச் செம்புக்காரர் வித்தையும் ஏறக்குறைய இதே குடும்பம்தான்.

மார்ச் 8, மகளிர் தினம். கிராம சேவை மையக் கட்டடத்துல நூறு பேருக்கு மேல. எங்க ஊராட்சிக் குழுக்கள் எல்லாம் வந்திருந்தாங்க. ஏமாந்த பதினோரு பேர்ல ஏழு பேரும் வந்து பின் வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. கையில வேர்வை. மைக் பிடிக்கவே ஒரு கை போயிடுச்சுன்னு, என் மகள் பக்கத்துல நின்னு பிடிச்சுக்கிட்டா. முதல்ல மூணையும் வித்தையாக் காட்டணும், கடைசியில மூணு ரகசியத்தையும் விளக்கணும்ங்கறது பயிற்சியில சொல்லிக் கொடுத்த முறை. அப்படியே செஞ்சேன். நல்லா நடந்துச்சு. எலுமிச்சம்பழம் சிவந்தப்போ முன் வரிசையில ஒரு பாட்டி "ஐயோ தாயே"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

அன்னைக்கு நான் கத்துக்கிட்டதை மூணாச் சொல்றேன்.

முதலாவது: கண்ணு போற இடத்தை இன்னொருத்தர் தீர்மானிக்க முடியும். நான் கவரைத் திருப்புற நேரத்துல, "பாட்டி, உங்க பேரன் எப்ப வெளிநாட்டுல இருந்து வர்றான்?"னு கேட்டேன். நூறு தலையும் பாட்டி பக்கம் திரும்புச்சு. என் கை அந்தப் பக்கம் வேலையை முடிச்சிடுச்சு. கண்கட்டுன்னு நாம சொல்றோமே, அதுக்குத் துணி வேண்டியதில்லை, ஒரு கேள்வி போதும். இதை அன்னைக்குப் பார்த்ததுல இருந்து நான் கடைத்தெருவுலயும் கவனிக்கிறேன். தவணைக்கு ஃபோன் விக்கிறவரு மாசத் தவணையையே பத்துத் தரம் சொல்வாரு, மொத்தம் எவ்வளவுன்னு சொல்ல மாட்டாரு. கடன் கொடுக்கிறவரு "வாரம் வெறும் 480 ரூபாதான்"னு சொல்வாரு, எத்தனை வாரம்னு நாம கேட்டாத்தான் சொல்வாரு. பேங்குல இருந்து பேசறேன்னு சொல்றவன் "கார்டு இன்னைக்கே பிளாக் ஆகப் போகுது"ன்னு நம்மைப் பதற வைப்பான். அந்தப் பதட்டத்துல நாம ஓடிபி நம்பரைச் சொல்லிடுவோம். பாட்டியோட பேரனைக் கேட்ட மாதிரிதான் இதெல்லாம். எங்க பார்க்கச் சொல்றாங்களோ, அங்க வேலை நடக்கலை.

ரெண்டாவது: இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு சின்னப் பையன். அஞ்சாவது படிக்கிறவன், அவங்க அம்மாகூட வந்திருந்தான். பணம் பெருகினதும் எல்லாரும் கை தட்டினாங்க. இவன் மட்டும் எழுந்து நின்னு, "அத்தை, இன்னொரு தரம்! மெதுவா!"ன்னு கத்தினான்.

வித்தைக்காரங்ககிட்ட ஒரு பழைய விதி உண்டு. ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை அடுத்தடுத்து ரெண்டு தரம் காட்டக் கூடாது. முதல் தரம் பார்க்கும்போது என்ன நடக்கப் போகுதுன்னு தெரியாது. ரெண்டாம் தரம் தெரியும், அதனால கண்ணு சரியான இடத்துக்குப் போயிடும். அதனால, "இருடா கண்ணா, கடைசியில காட்டறேன்"னு சொன்னேன். விளக்கம் சொல்லும்போது அவனையே மேடைக்குக் கூப்பிட்டு, அவன் கையிலயே கவரைக் கொடுத்து, மெதுவாத் திருப்பச் சொன்னேன். "ரெண்டு கவர்!"னு கத்தினான். பின் வரிசையில உட்கார்ந்திருந்த ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

ராத்திரி படுத்து யோசிக்கும்போதுதான் பிடிபட்டுச்சு. அந்தப் பையன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி! செம்புக்காரர்கிட்ட முதல் நாளே ஒருத்தர், "இந்தாங்க இன்னொரு 10 ரூபா. இன்னொரு தரம், மெதுவாச் செஞ்சு காட்டுங்க. செம்பை நான் பிடிச்சுக்கறேன்"னு சொல்லியிருந்தா, ரெண்டாம் நாள் அவர் ஊருக்குள்ள வந்திருக்கவே மாட்டாரு.

இன்னொண்ணும் புரிஞ்சது. நம்ம குழுவுல நாம வாராவாரம் செய்யறது இதுக்கு நேர் எதிரான வேலை. சேமிப்புப் பணத்தை எல்லார் முன்னாடியும் எண்ணுறோம். யாரு எவ்வளவு கட்டினாங்கன்னு வாய்விட்டுச் சொல்றோம். ரொக்கப் புத்தகத்துல ஏத்துறோம், தனிநபர் பாஸ்புக்குல எழுதுறோம். தீர்மான நோட்டைப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குறோம். எத்தனை தரம் எண்ணினாலும் அதே தொகை. எவ்வளவு மெதுவாக் காட்டச் சொன்னாலும் காட்டலாம். ரெண்டாம் தரம் பார்த்தா வித்தை கெட்டுப் போகும். கணக்கு கெட்டுப் போகாது, இன்னும் உறுதியாகும்.

அதனால பொறுப்புல இருக்கிற அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. உறுப்பினர் யாராவது "நோட்டைக் காட்டுங்க"ன்னு கேட்டா, "என்னையே சந்தேகப்படறியா?"ன்னு முகத்தைச் சுளிக்காதீங்க. கேக்கறது அவங்க உரிமை, காட்டறது நம்ம மரியாதை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி கேட்டா, பக்கத்துல உட்கார வெச்சு, விரலை வெச்சுப் படிச்சுக் காட்டுங்க. காட்ட மாட்டேன்னு சொல்ற இடத்துலதான் ரெண்டாவது கவர் இருக்கும்.

மூணாவது: இதுதான் எனக்குப் பெரிய பாடம். இதைச் சொல்றதுக்கு அந்த அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன்.

நிகழ்ச்சி முடிஞ்சு, எல்லாரும் டீ குடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க. நானும் மகளும் சாமானைப் பையில போட்டுக்கிட்டிருந்தோம். அந்த அக்கா வந்து நின்னாங்க. இடுப்புச் சுருக்குப் பையில இருந்து மடிச்ச 500 ரூபா நோட்டு ஒண்ணை எடுத்து என் கையில வெச்சாங்க.

"தங்கச்சி, நீ சொன்னதெல்லாம் கேட்டேன். அந்தப் பையன் பிரிச்சதையும் பார்த்தேன். கவர் ரெண்டுன்னு எனக்கும் தெரியுது. ஆனா, கவர் இல்லாம நெசமாவே செய்யற ஆளு யாராவது உனக்குத் தெரியுமா? ஒரே ஒரு தரம் போதும். வியாழக்கிழமை தவணைக்காரங்க வர்றாங்க."

எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. என் வித்தையும் விளக்கமும் அவங்க கண்ணைத் திறந்துடுச்சு. ஆனா அவங்களுக்குக் கண்ணுல இல்லை குறை, கையில. கழுத்து வரைக்கும் தண்ணி வந்தவங்க வைக்கோலையும் பிடிப்பாங்க. அது வைக்கோல்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பிடிக்கிறாங்க.

அதுக்கு முன்னாடி வரைக்கும், ஏமாந்தவங்களைப் பார்த்து ஊரு சொல்றது ஒண்ணுதான்: "பேராசை பிடிச்சவங்க." அந்தப் பதினோரு பேரையும் அப்படித்தான் பேசினாங்க. நான் விசாரிச்சுப் பார்த்தேன். அவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்ல அந்த மாசம் ஏதோ ஒரு நெருக்கடி. ஒரு வீட்ல ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு வீட்ல ஃபீஸ், ஒரு வீட்ல மாடு செத்துப் போச்சு. செம்புக்காரருக்கு இது தெரியும். அவரு வீடு பார்த்துத்தான் செம்பை இறக்கினாரு. நம்ம தேவையைப் பார்த்துத்தான் தந்திரம் வருது. அதனால ஏமாந்தவங்களைப் பார்த்துச் சிரிக்காதீங்க. சிரிச்சா, அடுத்த தரம் ஏமாந்தவங்க நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. சொல்லாம இருக்கறதுதான் ஏமாத்துறவனுக்கு வேலியா நிக்குது.

அந்த 500 ரூபாயை அவங்க கையிலயே திருப்பிக் கொடுத்து உட்கார வெச்சேன். மேஜிக் காட்டின அதே மேஜை மேல ஒரு தாளை விரிச்சுக் கணக்குப் போட்டோம். மூணு இடத்துல வாரத் தவணை: 650, 480, 720. கூட்டினா வாரம் 1,850 ரூபா. அவங்களுக்கு வாரத்துல நாலு நாள் வேலை கிடைச்சா, நாளுக்கு 300 வீதம் 1,200 ரூபா. வீட்டுக்காரர் கூலி சாப்பாட்டுக்கே சரியாப் போயிடுது. ஒவ்வொரு வாரமும் 650 ரூபா துண்டு விழுது. அதை அடைக்கத்தான் ஒரு இடத்துல வாங்கி இன்னொரு இடத்துல கட்டியிருக்காங்க. அந்த மூணையும் ஒரே தாள்ல ஒண்ணாப் பார்த்தது அன்னைக்குத்தான் முதல் தடவைன்னு சொன்னாங்க.

அடுத்த கூட்டத்துல அவங்க குழு உட்கார்ந்து பேசி, தீர்மானம் போட்டு, 14,000 ரூபா உள்கடன் கொடுத்தாங்க. அதுல அந்த 720 ரூபா தவணைக் கடனை மொத்தமா அடைச்சாங்க. வாரத் தவணை 1,130-ஆக் குறைஞ்சது. அதாவது அவங்க 1,200 ரூபா கூலிக்குள்ள வந்துடுச்சு. குழுவுக்கு மாசம் 700 அசல், 100-க்கு 1 ரூபா வட்டி. நாலு வாரத்துக்கு 2,880 கட்டின இடத்துல, முதல் மாசம் 840 கட்டினாங்க. 20 மாசத்துல முடிஞ்சது. மொத்த வட்டி 1,470 ரூபா. அதுவும் வெளியே எங்கயும் போகலை, அவங்களும் உறுப்பினரா இருக்கிற குழுவோட பணமாச் சேர்ந்துச்சு.

இதுல ஒரு மேஜிக்கும் இல்லை. 20 மாசம்ங்கறது நீளமான காலம். நடுவுல ரெண்டு மாசம் மழையில வேலை இல்லாம தவணை தள்ளிப் போச்சு, குழு பொறுத்துக்கிச்சு. ஆனா எல்லாமே எல்லார் கண்ணு முன்னாடி நடந்துச்சு.

நம்ம தருமபுரி மாவட்டத்துக்கு இதுல ஒரு பெருமை உண்டு. 1989-ல பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில, தமிழ்நாட்டுல மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சது நம்ம மாவட்டத்துலதான். அன்னைக்கு நம்ம அம்மாமார் சேர்த்தது சின்னச் சின்னத் தொகைதான். ஒருத்தரும் அவங்களுக்கு ரெட்டிப்பாத் தர்றேன்னு சொல்லலை. ஆனா அந்த நோட்டுல எழுதின ரூபா காணாமப் போகலை.

ரெட்டிப்புக் கணக்கையும் ஒரு தரம் மெதுவாச் செஞ்சு பார்த்துடுவோம். 100-க்கு வருஷம் 7 ரூபா வட்டின்னா, போட்ட பணம் ரெட்டிப்பாக ஏறக்குறைய 10 வருஷம் ஆகும். ஒருத்தர் வந்து நூறே நாள்ல ரெட்டிப்பாத் தர்றேன்னு சொன்னா, அது எங்க இருந்து வரும்? உங்களுக்குப் பின்னாடி சேர்றவங்க பணம்தான் உங்களுக்கு வரும். "நீங்க அஞ்சு பேரைச் சேர்த்து விடுங்க, அவங்க ஆளுக்கு அஞ்சு பேரைச் சேர்க்கட்டும்"னு சொல்வாங்க. கேக்க எளிசா இருக்கும். 5, 25, 125, 625, 3,125. இப்படிப் பெருக்கிக்கிட்டே போனா 12-ஆவது படியில 24 கோடி பேர் வேணும். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 7.2 கோடிதான். கைக்குழந்தை எல்லாம் சேர்த்தாலும் பத்தாது. அப்போ அந்தச் சங்கிலி எங்கயோ அறுந்தே ஆகணும். அறுற இடத்துல நிக்கறது நம்மள மாதிரி ஆளுங்கதான்.

இந்த ஆள் சேர்க்கிற திட்டங்களுக்கு 1978-லயே தடைச் சட்டம் போட்டாச்சு. தமிழ்நாட்டுல முதலீட்டாளர்களைக் காக்க 1997-ல தனிச் சட்டம் வந்துச்சு. அந்தப் புகார்களைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் விசாரிக்குது. ஏலச்சீட்டு நடத்துறதுக்கும் 1982-ஆம் வருஷச் சட்டம் இருக்கு, சீட்டைப் பதிவு பண்ணணும். சீட்டுக் கட்டுறதுக்கு முன்னாடி பதிவு நம்பரைக் கேளுங்க. ஃபோன்ல பணம் போயிடுச்சுன்னா, அழுதுக்கிட்டு உட்காராம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னா பணத்தை நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். இந்த நம்பரைக் குழு நோட்டு முதல் பக்கத்துலயே எழுதி வையுங்க.

கடைசியா மூணு வேண்டுகோள்.

பணமோ நகையோ கேட்டு யார் வந்தாலும், அவரு தாடி வெச்சிருந்தாலும் சரி, டை கட்டியிருந்தாலும் சரி, அந்தப் பையன் கேட்டதைக் கேளுங்க: "இன்னொரு தரம், மெதுவாச் சொல்லுங்க. எங்க குழுக் கூட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க." நல்லவரா இருந்தா வருவாரு.

தனியா முடிவு எடுக்காதீங்க. "இன்னைக்கே, இப்பவே, யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு யார் சொன்னாலும், அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.

ஒவ்வொரு குழுவும் மாசத்துல ஒரு கூட்டத்துல பத்து நிமிஷம் ஒதுக்கி, உறுப்பினர்களோட வெளிக்கடன் எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிப் பாருங்க. கூச்சமா இருக்கும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் முதல்ல தங்களோடதை எழுதினா, மத்தவங்க கூச்சம் போயிடும்.

எந்தக் குழுவுக்கு வேணும்னாலும் வந்து அந்த மூணு வித்தையையும் காட்டறேன், சொல்லியும் கொடுக்கறேன். பஸ் காசு மட்டும் போதும். செம்பருத்தியும் எலுமிச்சம்பழமும் நீங்களே எடுத்து வெச்சிருங்க.